தங்கவயல் பங்கு

நீங்கள் சிரிக்கப் போகிறீர்கள் என்று தெரிந்தேதான் சொல்கிறேன். சிரியுங்கள், பரவாயில்லை. உங்கள் இடத்தில் நான் இருந்தால் சிரிப்பதோடு விட்டிருக்க மாட்டேன், "நேத்து இன்னா துன்னே?" என்று கேட்டு மானத்தை வாங்கியிருப்பேன். கட்டட வேலையில் இருப்பவன் நான். கான்கிரீட்டை அச்சில் ஊற்றி, கட்டியாக்கி, மிஷினில் வைத்து நசுக்கி, எவ்வளவு தாங்குகிறது என்று பார்த்த பிறகுதான் அது கான்கிரீட் என்றே ஒத்துக்கொள்கிற ரகம். எங்கள் சொந்தக்காரர்களில் கனவில் தேவதூதன் வந்தான், புளியமரத்தடியில் வெள்ளைப்புடவை நின்றது என்று சொல்கிறவர்களுக்குப் பஞ்சமே இல்லை. அவர்களிடம் நான் கேட்பது ஒரே கேள்வி, அந்த நேரத்தில் மூக்குக்கண்ணாடி போட்டிருந்தீர்களா என்று. அதனாலேயே கல்யாண வீடுகளில் பந்தியில் என் பக்கத்தில் யாரும் உட்காருவதில்லை.

இன்னொன்று, இது ராத்திரியில் நடந்ததும் இல்லை. பட்டப்பகல். மழை இருட்டு இருந்தது உண்மை, ஆனால் என் கை எனக்குத் தெரிந்தது, சுவர் தெரிந்தது, தண்ணீர் தெரிந்தது. அந்தத் தண்ணீர்தான் விஷயமே, வருகிறேன்.

எங்கள் ஊர் சித்தூர் மாவட்டத்தில் குடிபாலா பக்கம், வேலூர் எல்லையை ஒட்டி. ஊர்ப் பேர் வேண்டாம், சொன்னால் நாளைக்கே நாலு பேர் செல்போனைத் தூக்கிக்கொண்டு வீடியோ எடுக்க வந்துவிடுவார்கள். எனக்கு வேலை ஸ்ரீசிட்டியில், குடியிருப்பது திருப்பதியில், மனைவி, ஒரு பெண் குழந்தை. ஊரில் நைனா மட்டும்தான், அப்பாவை நாங்கள் அப்படித்தான் கூப்பிடுவோம். காலமெல்லாம் பஸ் ஓட்டி ரிட்டயர் ஆனவர், அம்மா போன பிறகு கோயிலே கதி என்று இருப்பவர். கோயில் என்றால் சர்ச். எங்கள் பக்கத்துக் கிறிஸ்தவர்கள் கோயில் என்றுதான் சொல்வோம். அந்தக் கோயிலுக்கு அவர்தான் செகரட்டரி.

அந்தக் கோயிலைப் பார்த்தால் உங்களுக்கு முதலில் ஒரு குழப்பம் வரும். வேலிக்காத்தான் முட்புதருக்கும் கரும்புக் கொல்லைக்கும் நடுவில் ஒரு மேட்டின் மேல், கூம்பு வளைவு ஜன்னல்களோடு, முழங்கை நீளத்துக்கும் மேலே கனமான சுவர்களோடு, ஏதோ வெளிநாட்டு காலண்டரிலிருந்து வெட்டி ஒட்டின மாதிரி நிற்கும். கட்டின துரை எந்த நாட்டுக்காரர் என்பதில் எங்கள் ஊரில் இரண்டு கட்சி உண்டு. ஆனால் அவர் சின்ன வயதில் போன கிராமத்துக் கோயில் பல நூறு வருஷத்துப் பழசு என்பதிலும், அதை மனதில் வைத்துக்கொண்டே இதைக் கட்டினார் என்பதிலும் சண்டையில்லை. கையில் படம்கூட இல்லையாம். மண்ணில் குச்சியால் கோடு கிழித்துக் காட்டுவாராம். அங்கே பனி விழும் என்பதற்காக வாசலுக்கு முன்னால் ஒரு சின்ன முகப்பு மண்டபம் இருந்ததாம், அதே போல் இங்கேயும் கட்டிவைத்தார், எங்கள் ஊரில் பனிக்கு எங்கே போக? செருப்பு விடத்தான் ஆகிறது. மணிக்கூண்டில் இரண்டு வளைவு, மணி ஒன்றுதான். அவர் ஊரில் இரண்டு இருந்ததாம்.

ஆனால் கட்டினவர்கள் நம் ஆட்கள் இல்லையா, கை சும்மா இருக்குமா? தூணின் அடியில் தாமரை இதழ் செதுக்கிவிட்டார்கள். ஞானஸ்நானத் தொட்டியைக் கருங்கல்லில் கேட்டதற்கு, அசல் ஆட்டுக்கல் மாதிரியே ஒன்றைச் செய்து வைத்திருக்கிறார்கள், எங்கள் தெருவில் எல்லோருமே அதில் நனைந்து கிறிஸ்தவர்களானவர்கள்தான். கூரை பழைய மெட்ராஸ் டெரஸ், தேக்கு உத்தரங்களின் மேல் மெல்லிசான செங்கலைச் செங்குத்தாக அடுக்கிச் சுண்ணாம்பு போட்டது. வடக்குச் சுவருக்கு வெளியே வரிசையாக முட்டுச்சுவர்கள் உண்டு. தெற்குச் சுவருக்கு ஒன்றுகூட இல்லை. அதற்குள் துரை காய்ச்சலில் செத்துப்போனார் என்கிறார்கள்.

கட்டினது தாது வருஷப் பஞ்சத்தில். கஞ்சிக்கு வேலை. கல் சுமந்து, சுண்ணாம்பு அரைத்து, கடுக்காய்த் தண்ணீரும் வெல்லமும் கலந்து பூசினால் சாயங்காலம் ஒரு சட்டி கஞ்சி. குடும்பம் குடும்பமாக வந்தவர்களுக்கு, இந்த ஜன்னலிலிருந்து அந்த ஜன்னல் வரை உங்களுக்கு என்று சுவரைப் பிரித்துக் கொடுத்திருக்கிறார்கள். அதுதான் பங்கு. இன்றைக்கும் எங்கள் ஊரில் பங்கு உண்டு. ஆராதனையில் அவரவர் பங்கை ஒட்டித்தான் உட்காருவார்கள். ஞானஸ்நானம் ஆனதும் குழந்தையின் கையை எடுத்துச் சுவரில் வைப்பார்கள். கல்யாணமாகிப் போகும் பெண் அழுதுகொண்டே போய் ஒரு தடவை தொட்டுவிட்டு வருவாள். கிறிஸ்துமஸுக்கு முன்னால் அவரவர் பங்குக்கு அவரவரே சுண்ணாம்பு அடிக்க வேண்டும், அடுத்தவர் பங்கில் ஒரு சொட்டு சிதறினாலும் மன்னிப்புக் கேட்க வேண்டும்.

தெற்குச் சுவரில் கடைசி ஜன்னலுக்கும் மூலைக்கும் நடுவில் ஒரு பங்கு மட்டும் கருப்பாகப் பாசி பிடித்துக் கிடக்கும். அதைத் தங்கவயல் பங்கு என்போம். அதைக் கட்டின குடும்பம், கோலார் பக்கம் தங்கச் சுரங்கத்தில் கூலி உண்டு என்று கேள்விப்பட்டு நடந்தே போய்விட்டதாம். பண்டிகைக்கு வந்து சுண்ணாம்பு அடிக்கிறோம் என்று சொல்லிவிட்டுப் போனவர்கள் வரவில்லை. பேர்கூட யாருக்கும் தெரியாது. அந்த இடத்தில் பெஞ்சு போடமாட்டார்கள், ஆணி அடிக்கமாட்டார்கள், துடைக்கக்கூட மாட்டார்கள்.

அந்தச் சுவரின் விரிசலில் ஓர் அரசங்கன்று முளைத்துவிட்டது. இரண்டு விரலால் பிடுங்கி எறிகிற அளவில் இருந்தபோதே ஊரில் அத்தனை பேரும் பார்த்தவர்கள்தான். ஒருத்தரும் கை வைக்கவில்லை. அது அவர்கள் பங்காயிற்றே! நான் ஒவ்வொரு தடவை ஊருக்குப் போகும்போதும் அது ஒரு சாண் வளர்ந்திருக்கும். கடைசியில் வேர் சுவரைப் பிளந்துகொண்டு உள்ளே எட்டிப் பார்த்தது.

கோயிலை இடித்துவிட்டுப் புதிதாகக் கட்டலாமா என்று கமிட்டியில் பேச்சு எழுந்தது. ஆயர் ஐயா என்னைக் கூப்பிட்டு அபிப்பிராயம் கேட்டார். நான் தூக்குக்குண்டு விட்டுப் பார்த்தேன், தெற்குச் சுவர் வெளிப்பக்கமாகச் சாய்ந்திருந்தது. விரிசலின் குறுக்கே ஒரு கண்ணாடித் துண்டை ஒட்டிவைத்தேன். சுவர் அசைந்தால் கண்ணாடி உடையும், அவ்வளவுதான் அதன் வேலை. இடித்துவிடுங்கள் என்று சொல்லிவிட்டேன். நைனா என்னோடு ஒரு வாரம் பேசவில்லை. பேசினபோது சண்டைதான்.

"அந்தக் கன்னையாவது புடுங்கி இருக்கலாமில்ல, நைனா?"

"அது அவங்க பங்குடா. நாம கைவச்சா, இனிமே அவங்க வரவே மாட்டாங்கன்னு நாமளே தீர்ப்பு சொன்னாப்ல ஆயிடும்."

"நூறு வருஷத்துக்கு மேல ஆவுது. இன்னும் அவங்களுக்கு பஸ்ஸு கெடைக்கலியா?"

நைனா சிரிக்கவில்லை. "வண்டி லேட்டாவும். வராமப் போவாது" என்றார். அவர் பஸ் ஓட்டினவர்.

அந்த நவம்பரில் அடித்த மழையை நம் பக்கத்தில் யாரும் மறந்திருக்க மாட்டார்கள். சைட்டில் வேலை நின்றுவிட்டது. நைனா போனை எடுக்கவில்லை. மனசு கேட்காமல் காலையிலேயே பைக்கை எடுத்துக்கொண்டு கிளம்பி, பாதி வழி உருட்டி, சித்தூர் தாண்டி ஊரை எட்டும்போது நடுப்பகல் ஆகிவிட்டது. ஏரி நிரம்பிக் கடைவாயில் வழிந்து, தெருவில் முழங்கால் தண்ணீர். எங்கள் தெரு மொத்தமும் கோயிலுக்குள் ஏறியிருந்தது. மேடு என்பது ஒன்று, பேஸ்மட்டம் உயரம் என்பது இன்னொன்று. கிறிஸ்தவர், இந்து என்றெல்லாம் பார்க்கிற நேரமா அது? அடுத்த தெரு நாகம்மா தன் கன்றுக்குட்டியைக் கூட ஓட்டிக்கொண்டு வந்து ஞானஸ்நானத் தொட்டியில் கட்டியிருந்தாள். நைனா எல்லாருக்கும் கடுங்காப்பி ஊற்றிக்கொண்டிருந்தார். அவரைப் பார்த்ததும் எனக்கு உயிர் வந்தது, உடனே கோபமும் வந்தது.

"போனு இன்னாத்துக்கு வச்சிகினு கீறே?"

"சார்ஜு இல்லடா. முதல்ல காப்பி குடி."

தம்ளரோடு திரும்பினவன் தங்கவயல் பங்கைப் பார்த்தேன். கண்ணாடித் துண்டு இரண்டாக உடைந்து பாதி கீழே கிடந்தது. விரிசலில் விரல் வைத்தேன், விரல் உள்ளே போனது. வெளியே பெய்கிற மழை அந்த இடுக்கில் வெள்ளையாகத் தெரிந்தது. நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே மேலிருந்து பொலபொலவென்று சுண்ணாம்பு உதிர்ந்தது. விஷயம் இதுதான், கூரையின் உத்தரங்கள் அந்தச் சுவரின் மேல் ஒரு சாண் அளவுக்குத்தான் உட்கார்ந்திருக்கின்றன. சுவர் வெளியே சாய்ந்து அந்த ஒரு சாண் நழுவினால் கூரை முழுசும் உள்ளே இருப்பவர்கள் தலையில். வெளியே போங்கள் என்று கத்தலாம், எங்கே போவார்கள்? சுற்றிலும் வெள்ளம். வடக்கே ஓடை கரை தெரியாமல் ஓடிக்கொண்டிருந்தது.

எல்லாரையும் பீடத்துக்கு முன்னால் இருக்கும் பெரிய வளைவுக்கு அந்தப் பக்கம் நெருக்கி உட்காரச் சொன்னேன். அது கல் வளைவு, கொஞ்சமாவது தாங்கும். ஆனால் பாதிப் பேருக்குத்தான் இடம் இருந்தது. நாகம்மா கன்றின் கயிற்றைப் பிடித்துக்கொண்டு, "கோட படிபோதுந்தா நாயனா?" என்றாள். சுவர் விழுந்துவிடுமா என்று தெலுங்கில் கேட்கிறாள். விழாது என்று சொல்லிவிட்டு நைனாவிடம் போனேன்.

"பந்தலுக்கு வாங்கின சவுக்குக் கட்டைங்க எங்க கீது?"

"பின்னாடி ரூம்ல. எதுக்கு?"

"வெளிய இருந்து அந்த செவுத்துக்கு முட்டு குடுக்கணும். கட்டைய நிக்க வச்சு, செவுத்துல ஆப்பு அடிக்கணும்."

"எந்த செவுரு?" என்று கேட்டவரின் முகம் மாறிவிட்டது. "அதுல ஆப்பு அடிக்கப் போறியா? வேற பங்குல குடு. நம்மளதுல குடு."

"விழப்போறது அது நைனா! நம்மளதுல குடுத்து இன்னா பிரயோஜனம்?"

அவர் நின்ற இடத்திலேயே நின்றார். அந்த மனுஷனுக்கு உயிர் பயம் இல்லை, சத்தியமாகச் சொல்கிறேன். தன் தலைமுறையில் அந்தக் குடும்பத்தின் கதவை அடைத்தவன் என்று ஆகிவிடக்கூடாது, அந்த பயம்தான் முகத்தில் இருந்தது. என் அம்மாவின் தங்கை எஸ்தர் சின்னம்மா மடியில் ஒரு கைக்குழந்தையோடு உட்கார்ந்திருந்தவள், "மாமா, புள்ளைங்க கீதுங்க உள்ள. அவன் சொல்றத கேளுங்க" என்றாள். நைனா மாட்டேன் என்று தலையை ஆட்டினார். "அவங்க வந்தா நானே கால்ல வுழுந்து மன்னிப்பு கேட்டுக்கறேன், போதுமா?" என்று கத்திவிட்டு, ஒரு கட்டையைத் தோளில் தூக்கிக்கொண்டு நான் பாட்டுக்கு வெளியே இறங்கிவிட்டேன்.

தெற்குப் பக்கம் நிலம் சரிவு. இடுப்புக்குத் தண்ணீர். மழை கண்ணைத் திறக்க விடவில்லை. கட்டையைச் சாய்த்து நிறுத்தினேன், அடி சேற்றில் வழுக்கிக்கொண்டு போய்விட்டது. மறுபடி நிறுத்தினேன், மறுபடி போனது. அப்போது சுவருக்குள்ளிருந்து ஒரு சத்தம். பல்லைக் கடிப்பது போல ஒரு நறநறப்பு. தலைக்கு மேலே அரசங்கன்று, காற்றே இல்லாத அந்த மூலையில், தானாக நடுங்கியது. சுவர் கிளம்பிவிட்டது. என் படிப்பு, அனுபவம் எல்லாம் ஓடு என்றுதான் சொன்னது. நானோ கட்டையை விட்டுவிட்டு இரண்டு கையையும் சுவரில் ஊன்றித் தள்ளினேன். பைத்தியக்காரத்தனம். அந்தச் சுவர் எத்தனை டன் இருக்கும் என்று எனக்குத் தெரியும், ஒரு மனுஷன் தள்ளி நிறுத்துகிற சமாசாரமா அது? உள்ளே நைனா இருந்தார், சின்னம்மா மடியில் குழந்தை இருந்தது, அதனால் தள்ளினேன். வாய்விட்டு அழுதுகொண்டே தள்ளினேன். வெட்கமில்லாமல் சொல்கிறேன்.

நம்பினால் நம்புங்கள். முதலில் வந்தது வாசனை. வெல்லமும் சுண்ணாம்பும் கலந்து வெந்த வாசனை, பாகு காய்ச்சுகிற இடத்தில் கல் வெந்தால் எப்படியோ அப்படி. பிறகு என் இரண்டு தோளிலும் இடித்தது. திருப்பதி பஸ்ஸில் நெரிசலில் நின்றிருக்கிறீர்களா? அப்படி, வலது பக்கமும் இடது பக்கமும் தோளோடு தோள். திரும்பிப் பார்த்தேன், யாரும் இல்லை. மழைதான். ஆனால் இடிக்கிறது. எலும்பு இடிக்கிறது, சதை இல்லாத எலும்பு.

குனிந்து தண்ணீரைப் பார்த்தேன். இதைத்தான் உங்களிடம் எப்படிச் சொல்வது என்று இத்தனை நேரம் யோசித்துக்கொண்டிருந்தேன். ஓடுகிற தண்ணீரில் ஒரு ஆள் நின்றால் தண்ணீர் அவன் உடம்பில் முட்டி இரண்டாகப் பிரியும், பின்னால் ஒரு சுழிப்பு விட்டுப் போகும், பார்த்திருப்பீர்கள். என்னைச் சுற்றி அப்படிப் பிரிந்தது. எனக்குப் பக்கத்திலும் பிரிந்தது. அதற்குப் பக்கத்திலும். சுவர் நெடுக, இந்த மூலையிலிருந்து அந்த மூலை வரை, நெருக்க நெருக்கமாக, தண்ணீர் பிரிந்து பிரிந்து ஓடிக்கொண்டிருந்தது. சிலது அகலமாக, சிலது குறுகலாக. அங்கே கல் இல்லை, கம்பம் இல்லை, நான் பிறந்து வளர்ந்த இடம், எனக்குத் தெரியாதா?

பயம் வந்ததா என்று கேட்டால், இல்லை. அதுதான் எனக்கே ஆச்சரியம். பெரிய கூட்டத்தில் எல்லாரும் ஒன்றாக எழுந்து நின்று பாடும்போது, பாட்டுத் தெரியாதவனுக்குக்கூட உடம்பு சிலிர்க்குமே, அது. ஒரு குரல் இல்லை. மூச்சு மட்டும் கேட்டது. எல்லாரும் ஒன்றாக இழுத்து ஒன்றாக விடுகிற மூச்சு. அந்த மூச்சோடு என் மூச்சும் சேர்ந்துகொண்டது. கைக்குக் கீழே சுவர் சூடாக இருந்தது, அடைமழையில் ஊறின சுவர். அது அசைந்தது. உள்பக்கமாக அசைந்தது. என் உள்ளங்கை அதோடு போனது. ஒரு நெல்லின் அகலம் இருக்கும், பிறகு இன்னொரு நெல். தேர் இழுக்கும்போது கடைசியாகக் கயிற்றைப் பிடித்த சின்னப்பையனுக்குத் தேரையே தான்தான் இழுப்பது போல் இருக்கும் இல்லையா, அப்படி இருந்தது எனக்கு.

அப்போது நைனா வந்தார். கடைசியில் மனசு கேட்காமல் தோளில் ஒரு கட்டையும் கையில் கடப்பாரையுமாக மூலையைத் திரும்பி, தலையில் துண்டோடு, கண்ணை மழை மறைக்கக் குனிந்தபடியே வந்தார். வந்தவர் சர்வசாதாரணமாக, "கொஞ்சம் நவுருங்கம்மா... கட்டை வருது, பாத்து, கொழந்தைய தூக்கிக்கோ" என்றார்.

தண்ணீர் நகர்ந்தது. அவருக்கு முன்னால் இருந்த பிரிவுகள் இரண்டு பக்கமும் ஒதுங்கின, ஒரு ஆள் போகிற அகலத்துக்கு நடுவில் தண்ணீர் சமனாக ஓடியது. அந்த வழியாக நைனா நடந்து வந்து என் பக்கத்தில் கட்டையை ஊன்றினார். ஊன்றிவிட்டுத்தான் நிமிர்ந்தார். என்னைப் பார்த்தார். எனக்கு அந்தப் பக்கம் பார்த்தார். தான் வந்த வழியைத் திரும்பிப் பார்த்தார். தலையில் இருந்த துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டார், பெரியவர்கள் முன்னால் செய்கிற மாதிரி. பிறகு கடப்பாரையால் சேற்றில் குழி தோண்ட ஆரம்பித்தார். கட்டை நின்றது. ஆப்பை அவர்தான் அடித்தார், அந்தச் சுவரில், தன் கையால். அடுத்த கட்டைக்கு நாங்கள் திரும்பும்போது தண்ணீர் மழைப்புள்ளிகளோடு சாதாரணமாக ஓடிக்கொண்டிருந்தது. வாசனையும் இல்லை.

சாயங்காலத்துக்குள் மழை விட்டது. யாருக்கும் ஒரு கீறல் இல்லை. நாங்கள் உள்ளே போனபோது எஸ்தர் சின்னம்மா, விரிசலில் தெரிந்த வெளிச்சம் முதலில் ஆள் மறைத்தது போல் இருட்டாச்சு, அப்பால மூடிக்கிச்சு என்றாள். நான் டார்ச் அடித்துப் பார்த்தேன். விரலை விட்ட இடத்தில் நகம்கூட நுழையவில்லை.

இதற்கு விளக்கம் இருக்கிறது, நானே சொல்கிறேன், நீங்கள் சிரமப்பட வேண்டாம். எங்கள் ஊர் மண் களிமண். தண்ணீர் குடித்தால் உப்பும். உப்பி அஸ்திவாரத்தைத் தூக்கியிருக்கலாம், சுவர் பழைய இடத்துக்குத் திரும்பியிருக்கலாம். கமிட்டியில் இதைத்தான் சொன்னேன். நனைந்து, பயந்து போயிருந்த மூளைக்குத் தோள் இடிப்பதும் மூச்சுக் கேட்பதும் நடக்கக்கூடியதுதான். தண்ணீருக்கு மட்டும் என்னிடம் விளக்கம் இல்லை. நைனா சொன்னதற்கும் இல்லை. அன்றைக்கே கேட்டேன், "யாரைப் பாத்து நவுரச் சொன்னே?" என்று. "நான் இன்னா சொன்னேன்? கட்டை தூக்கிகினு வந்தேன், அவ்ளோதான்" என்று எழுந்து போய்விட்டார்.

கோயிலை இடிக்கவில்லை. நான் சொன்னதை நானே மாற்றிச் சொன்னேன், தெற்கே முட்டுச்சுவர்கள் கட்டி நிறுத்தினோம், நானே நின்று சுண்ணாம்பு அரைக்க வைத்துக் கட்டினேன். அரசங்கன்றைப் பிடுங்கியது நைனா. அந்தக் கிறிஸ்துமஸுக்குச் சுண்ணாம்பு அடிக்கும் நாளில், எல்லாரும் தங்கள் பங்கை முடித்த பிறகு, அவர் வாளியைத் தூக்கிக்கொண்டு தங்கவயல் பங்குக்கு எதிரே போய் நின்றார். ஊரே பார்த்தது. யாரோ ஒருவர், "அவங்க வரதுக்குள்ள நாம அடிச்சா தப்பில்லியா?" என்று கேட்டார். நைனா திரும்பாமலே, "வந்துட்டாங்களேப்பா" என்றார். அப்புறம் ஆளுக்கு ஒரு கை அடித்தோம்.

இதோடு முடிந்திருந்தால் நான் இதை யாரிடமும் சொல்லியிருக்க மாட்டேன். களிமண் என்று நானும் படுத்துத் தூங்கியிருப்பேன்.

மழை நின்ற மறுநாள் என் வலது புறங்கை எரிந்தது. சிவந்து, கொப்பளம் கட்டிக்கொண்டது. சித்தூரில் டாக்டரிடம் காட்டினேன். பார்த்ததும், "சுண்ணாம்பு வேலையா? பச்சைச் சுண்ணாம்பு பட்டு வெந்த புண்ணுங்க இது" என்றார். சுவரில் இருந்த சுண்ணாம்பு கல்லாக இறுகி எத்தனை தலைமுறை ஆகிறது, அது வேகுமா? சரி, எதிலோ பட்டது என்றே வையுங்கள். சுவரைத் தொட்டது உள்ளங்கை. உள்ளங்கையில் ஒரு பொட்டுக் காயம் இல்லை. வெந்தது புறங்கை. புண் ஆறின பிறகு வெள்ளையாக நின்றதைப் பார்த்தால், நாலு விரல், ஒரு கட்டைவிரல். என் கைக்கு மேலே கை வைத்துத் தள்ளியிருக்கிறது. சின்னக் கை, குச்சி மாதிரி விரல்.

என் மகள் அப்போது இரண்டாம் வகுப்பு. விளையாட்டாகத் தன் கையை அதன் மேல் வைத்துப் பார்த்தாள், விரலுக்கு விரல் சரியாக உட்கார்ந்தது. அதிலிருந்து அவளுக்கு அது ஒரு பழக்கமாகிவிட்டது, பரீட்சைக்குப் போகும்போது, பிறந்தநாளுக்கு, சும்மா டிவி பார்க்கும்போது என்று வைத்து வைத்துப் பார்ப்பாள். இப்போது ஆறாவது படிக்கிறாள். போன வாரம் வைத்தபோது அவள் விரல்கள் நன்றாக வெளியே நீண்டிருந்தன. "நைனா, நான் வளந்துட்டேன். இது ஏன் வளரவே இல்ல?" என்றாள். பஞ்ச காலத்துக் குழந்தை என்று அவளிடம் எப்படிச் சொல்வது? கையை இழுத்து மடியில் வைத்துக்கொண்டேன்.